படம் பார்த்தபின் புத்தகத்தைப் பாதியில் மூடிய நண்பர்களுக்கு



ஜப்பானியச் சித்திரப்படக் கலைஞர் ஹயாவோ மியாசாகி 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹௌல்ஸ் மூவிங் கேஸில்’ என்ற படத்தைக் கண்டு, கால் முளைத்து மலைச்சாரல்களில் நடமாடும் அந்த இரும்புக் கோட்டையிலும், அடுப்பில் அமர்ந்தபடியே அதனை இயக்கும் கால்சிஃபர் என்னும் அக்கினிப் பூதத்திலும், ஜோ ஹிசாயிஷியின் இசையிலும் உள்ளத்தைப் பறிகொடுத்து, அந்த மயக்கம் தெளியாத நிலையிலேயே படத்துக்கு மூலமாகிய டயானா வின் ஜோன்ஸின் நாவலை வாங்கிப் பிரித்து, பாதிக்கு மேல் செல்ல மனம் வராமல் மூடி அலமாரியில் வைத்துவிட்டவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். உங்களை நோக்கியே இம்மடலை எழுதுகிறேன். உங்களைக் குற்றம் சாட்டுவது என் நோக்கமன்று. உங்கள் முறையீட்டில் நியாயமில்லை என்று வாதிடவும் நான் வரவில்லை. வானை மறைத்துக்கொண்டு செல்லும் போர்க்கப்பல்கள் நாவலில் இல்லை. கதாநாயகி ஸோஃபியின் கையைப் பற்றிக்கொண்டு மந்திரவாதி ஹௌல் வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஆகாயத்தில் நடந்து செல்லும் அந்த ரம்மியமான காட்சியும் இல்லை. அதற்குப் பதிலாக, மே மாத விழாவன்று தெருவில் எதிர்ப்பட்ட ஒரு பயந்த பெண்ணைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகும் பகட்டான வாலிபன் ஒருவனையே காண்கிறோம். கோட்டையோ கரிக்கட்டிகளை அடுக்கிக் கட்டியது போன்ற, நான்கு கோபுரங்களுடைய, கறுத்து உயர்ந்த ஒரு கட்டடம். மியாசாகியின் கோட்டையைப் போல் மூச்சிரைத்து, முனகி, ஆவியைக் கக்கிக்கொண்டு நடப்பதன்று. விருந்துக்குப் போன வீட்டில் தன் வீட்டுக் குழம்பின் ருசியைத் தேடுகிறவனைப் போல நீங்கள் இவற்றையெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் தேடியிருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தமிழ் வாசகர்களாகிய நமக்குப் பழக்கமான முறையீடு இதற்கு நேர்மாறானது. 1950-களில் கல்கி பத்திரிகையில் ‘பொன்னியின் செல்வன்’ நாவலை வாரந்தோறும் வாசித்தவர்களும், அவர்களிடமிருந்து கதையைப் பெற்ற பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், 2022-இல் அது மணிரத்னத்தின் படமாகத் திரைக்கு வந்தபோது, தங்கள் மனத்தில் வாழ்ந்த வந்தியத்தேவனையும் நந்தினியையும் கையில் ஏந்திக்கொண்டே கொட்டகைக்குள் நுழைந்தார்கள். அது குறைந்தது, இது மாறிற்று என்று கணக்குப் பார்த்தார்கள். புத்தகம் முந்திக்கொண்டால் படத்துக்கு நேரும் கதி அது. படம் முந்திக்கொண்டால் புத்தகத்துக்கு நேரும் கதி இன்னும் கடுமையானது என்பது என் அபிப்பிராயம். நாம் வாசிக்கையில் கட்டிக்கொள்ளும் உருவங்கள் மங்கலானவை. எவருக்கும் இடம் விட்டுக் கொடுக்கக்கூடியவை. திரையில் கண்ட உருவமோ நிறமும் குரலும் நடையும் பெற்று உள்ளே குடியேறிவிடுகிறது. பிறகு ஆசிரியர் எத்தனை பக்கம் எழுதினாலும் அதனை அசைக்க அவரால் ஆவதில்லை. ஆகவே நீங்கள் வாசித்தது ஜோன்ஸின் நாவலையன்று. மியாசாகியின் படத்தை, அதற்குப் பொருந்தாத சொற்களின் துணைகொண்டு மறுபடியும் பார்க்க முயன்றீர்கள். அந்த முயற்சி தோற்றதில் வியப்பேதும் இல்லை.

அப்படியானால் அந்த நாவல் எதைப்பற்றியது? போரைப்பற்றியது அன்று, காதலைப்பற்றியதென்றும் முதற்கண் சொல்லிவிட முடியாது. தேவதைக் கதைகளின் சட்டத்தை உண்மையென்று நம்பி, அந்த நம்பிக்கையினாலேயே தன் வாழ்வைச் சுருக்கிக்கொண்ட ஒரு பெண்ணைப்பற்றியது அது. மூவருள் மூத்தது புறப்பட்டுப் போனால் தோற்றுத் திரும்பும், இரண்டாவதும் தோற்கும், கடைசிப் பிள்ளையே அரை ராஜ்யத்தையும் ராஜகுமாரியையும் பெறும் என்பது ஐரோப்பிய நாடோடிக் கதைகளின் மாறாத நியதி. நம் பாட்டிமார் சொன்ன ஏழு ராஜகுமாரர் கதைகளிலும் பெரும்பாலும் கடைக்குட்டிக்குத்தானே யோகம்? ஜோன்ஸ் படைத்த இங்காரி என்ற நாட்டில் ஏழு காதத்தை ஓரடியில் தாண்டும் பாதரட்சையும், உடுத்தவனை மறைக்கும் அங்கியும் அன்றாட வஸ்துக்கள். அவற்றைப் போலவே இந்த நியதியும் அங்கே இயற்கை விதியாகக் கருதப்படுகிறது. மார்க்கெட் சிப்பிங் என்ற சிற்றூரில் தொப்பிக் கடைக்காரரின் மூன்று பெண்களில் ஸோஃபியே மூத்தவள். தான் எதற்கு முயன்றாலும் அது பாழாகவே முடியும் என்று சிறுவயது முதலே தீர்மானித்துவிட்டவள். தந்தை இறந்தபின் தங்கையர் இருவரும் வெளியே தொழில் பழகப் போக, அவள் மட்டும் கடையின் பின்கட்டில் அமர்ந்து தொப்பிகளுக்கு ரிப்பன் தைத்துக்கொண்டு, பேச ஆளில்லாத குறைக்குத் தொப்பிகளோடு பேசிக்கொண்டிருக்கிறாள். படத்தில் தங்கை ஒருத்தியாகச் சுருங்கிவிட்டாள். மூவர் என்ற எண்ணிக்கை போனதும், நாவலின் அஸ்திவாரம் முழுவதுமே நீங்கள் கண்ட கதையிலிருந்து சத்தமில்லாமல் நீங்கிவிட்டது.

இதில் ஒரு விசேஷம் உண்டு. 1934-இல் லண்டனில் பிறந்த டயானா வின் ஜோன்ஸ் தாமே மூன்று சகோதரிகளில் மூத்தவர். பெற்றோரின் கவனிப்பு அம்மூவருக்கும் சரிவரக் கிடைக்கவில்லை; ஆர்தர் ரான்ஸம் எழுதிய சிறுவர் நூல் வரிசை ஒன்றை மொத்தமாக வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒன்றாகக் கிறிஸ்துமஸ் தோறும் மூவருக்கும் சேர்த்து எடுத்துக் கொடுத்த தந்தையைப்பற்றி அவர் எழுதியிருக்கிறார். புத்தகப் பஞ்சத்தில் தங்கைகளுக்குத் தாமே கதை எழுதி வாசித்துக் காட்டத் தொடங்கியவர், பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டில் டோல்கியனும் சி. எஸ். லூயிஸும் ஆற்றிய விரிவுரைகளைக் கேட்டார். மூத்தவளுக்கு அதிர்ஷ்டமில்லை என்ற கதைச் சட்டத்தோடு அவருக்கு ஒரு சொந்த வழக்கு இருந்தது என்று நாம் கொண்டால் அது மிகையாகாது.

பாழ்நிலத்துச் சூனியக்காரி கடைக்குள் நுழைந்து ஸோஃபியைத் தொண்ணூறு வயதுக் கிழவியாக மாற்றும் கட்டம் நாவல், படம் இரண்டிலும் உண்டு. ஆனால் காரணம் வேறு. தொப்பிகளோடு ஸோஃபி பேசிக்கொண்டிருந்தாள் என்றேன் அல்லவா? ஒரு தொப்பியை நோக்கி, உன்னை அணிபவள் செல்வந்தனை மணப்பாள் என்று விளையாட்டாகச் சொன்னால், அதனை வாங்கியவளுக்கு அப்படியே நடந்துவிடுகிறது. சொன்ன சொல்லால் ஜடப் பொருளுக்கு உயிரூட்டும் சக்தி அவளிடம் இருக்கிறது; அது ஊருக்குத் தெரிகிறது, சூனியக்காரிக்குத் தெரிகிறது, அவளுக்கு மட்டும் தெரியவில்லை. தனக்குப் போட்டியாக ஒருத்தி முளைத்துவிட்டாள் என்ற கோபத்திலேயே சூனியக்காரி வருகிறாள். பிறகு ஸோஃபி கைத்தடியை அதட்டுகிறாள், அது மந்திரக்கோலாகிறது. துரத்தி வரும் சோளக்கொல்லைப் பொம்மையைப் பத்து மடங்கு வேகத்தில் போ என்று விரட்டுகிறாள், அது பறந்து போகிறது. ஹௌலின் சாம்பலும் சிவப்புமான அங்கியைத் தைத்துக்கொண்டே, பெண்களை இழுப்பதற்கென்றே செய்தது நீ என்று முணுமுணுக்கிறாள், அந்த முணுமுணுப்பின் பலன் பின்னால் அவள் தலையிலேயே வந்து விடிகிறது. ஹௌலின் பழைய ஆசிரியையான பென்ட்ஸ்டெம்மன் அம்மாள் வெளிப்படையாக எடுத்துச் சொல்லும் வரையில், தன் வார்த்தைக்கு வலிமை உண்டென்பதை நம்ப மறுக்கிறாள். முதல் வாசிப்பில் வெறும் கிழவியின் வாயாடித்தனமாகத் தோன்றும் பேச்செல்லாம் உண்மையில் மந்திரப் பிரயோகம் என்று இரண்டாம் வாசிப்பில் கண்டுகொள்வது இந்நாவலின் பெரும் சுகம். சொல்லிலேயே நிகழும் மந்திரம் இது, காட்சியாக்க வாய்ப்பில்லாதது. மியாசாகி அதனை விட்டுவிட்டது அவருடைய கலைஞானத்துக்கு அடையாளம் என்பேன்.

விட்டதற்கு ஈடாக அவர் வேறொன்றைக் கொடுத்தார். படத்தில் ஸோஃபியின் வயது நிலையாக நிற்பதில்லை. தூங்கும்போது இளமை திரும்புகிறது, உணர்ச்சியோடு பேசும்போது சுருக்கங்கள் மறைகின்றன, தாழ்வு மனப்பான்மை தலைதூக்கியவுடன் முதுகு மறுபடியும் கூனுகிறது. சியேகோ பைஷோ என்ற நடிகை குமரிக்கும் கிழவிக்கும் தாமே குரல் கொடுத்திருப்பது எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! நாவலிலோ அவள் முடிவு வரை கிழவியாகவே இருக்கிறாள். அதில் அவளுக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது. குமரியாக இருந்தபோது தெருவில் இறங்கவே அஞ்சியவள், கிழவியானதும் எவரையும் அதட்டுகிறாள், அழைப்பின்றி மந்திரவாதியின் வீட்டில் புகுந்து பெருக்கித் துடைக்கிறாள், பூதத்தோடு பேரம் பேசுகிறாள். அவளை அறியாமல் அந்தச் சாபத்தை நீக்க ஹௌல் முயன்று பார்த்துத் தோற்று, இந்த வேஷம் இவளுக்கே பிடித்திருக்கிறது போலும் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறான். சாபத்தின் பாதி சூனியக்காரியுடையது, மீதி அவளுடையது என்ற இந்தக் கூர்மையான எண்ணத்தை ஜோன்ஸ் எங்கும் விரித்துரைப்பதில்லை. போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்கிறார்.

இனி, உங்களில் பெரும்பாலோர் புத்தகத்தை மூடிய இடத்துக்கு வருகிறேன். கோட்டையின் கதவுக்கு மேல் நான்கு நிறம் தீட்டிய குமிழ் ஒன்று உண்டு. திருப்பிய நிறத்துக்கேற்ப அதே கதவு வெவ்வேறு ஊர்களில் திறக்கும். நீலத்துக்குப் போர்ட்ஹேவன் துறைமுகம், சிவப்புக்குத் தலைநகரமாகிய கிங்ஸ்பரி என்பன இரண்டு வடிவங்களுக்கும் பொது. கறுப்பு நிறத்தில்தான் வழிகள் பிரிகின்றன. படத்தில் கறுப்பின் வழியே ஹௌல் பெரும் பறவையாக உருமாறி, பற்றி எரியும் ஊர்களுக்கு மேலே யுத்தத்தின் இருளுக்குள் பறக்கிறான். நாவலின் பதினோராம் அத்தியாயத்தில் அதே கறுப்புக் கதவு திறந்தால் வெளியே இருப்பது வேல்ஸ். ஆம், நிஜமான, மழை தூறும், இருபதாம் நூற்றாண்டு வேல்ஸ்! மகா மந்திரவாதி ஹௌலின் பூர்வாசிரமப் பெயர் ஹௌவல் ஜென்கின்ஸ். ரக்பி பந்தாட்டச் சட்டையைப் போட்டுக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போகிறான். இத்தனை படித்தும் உருப்படியான உத்தியோகம் இல்லையே என்று அக்காள் மேகன் வசை பாடுகிறாள். மருமகன் கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து தலையைத் திருப்புவதில்லை. இங்காரியில் பிறந்த ஸோஃபிக்குக் குதிரையில்லாமல் ஓடும் மோட்டார் வண்டி பயங்கர மாயமாகப் படுகிறது. மந்திர நாடு சகஜம், நம்முடைய உலகமே விசித்திர தேசம் என்று ஆசிரியர் பார்வையைத் தலைகீழாகப் புரட்டிவிடுகிறார். போர்க்களத்தை எதிர்பார்த்துக் கதவைத் திறந்த உங்களுக்கு, அக்காள் தம்பி சண்டை நடக்கும் ஒரு சாதாரணக் கூடம் எதிர்ப்பட்டது. மாயை கலைந்தது என்று கருதி நீங்கள் வெளியேறிவிட்டீர்கள்.

சற்றுப் பொறுத்திருந்து, அந்த இரண்டு கறுப்புக் கதவுகளும் ஆசிரியர்களின் வாழ்வில் எங்கே திறக்கின்றன என்று பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன். 1939-இல் யுத்தம் மூண்டபோது ஜோன்ஸுக்கு ஐந்து வயது. லண்டன் மீது குண்டு விழும் என்ற அச்சத்தில், தந்தையின் பூர்வீகமாகிய வேல்ஸில், வெல்ஷ் மொழியில் பிரசங்கம் செய்யும் போதகரான பாட்டனாரின் வீட்டுக்கு அவரை அனுப்பினார்கள். மியாசாகி 1941-இல் டோக்கியோவில் பிறந்தவர். போர் விமானங்களுக்குச் சுக்கான் முதலிய பாகங்கள் செய்து கொடுத்த தொழிற்சாலை அவர் குடும்பத்தாருடையது. 1945-இல் உட்ஸுனோமியா நகரம் குண்டு வீச்சில் எரிந்தபோது, நான்கு வயதுக் குழந்தையாக இரவோடிரவாக அந்த நெருப்பினூடே தப்பிச் சென்றவர். பூமியின் இரு கோடிகளில், ஒரே மகாயுத்தம், இரண்டு குழந்தைகளை வீட்டை விட்டுக் கிளப்பியது. ஒருவர் கறுப்புக் கதவைத் திறந்தால் வேல்ஸ் வருகிறது. மற்றவர் திறந்தால் எரியும் வானம் வருகிறது. இதனை எவரும் திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டுமென்பதில்லை. இது என் அனுமானமே. ஆயினும் அவ்வாறு காணும்போது, படம் நாவலுக்குத் துரோகம் செய்துவிட்டது என்று ஒரு சாராரும், நாவல் படத்தின் உயரத்தை எட்டவில்லை என்று மறுசாராரும் தொடுக்கும் வழக்கு இரண்டும் தள்ளுபடியாகின்றன. தவிர, இராக் யுத்தம் நடந்த காலத்தில் உருவான படம் அது; 2003-இல் ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்துக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தபோது, குண்டு வீசும் தேசத்துக்குப் போக மனமின்றி மியாசாகி அவ்விழாவுக்கே செல்லவில்லை. அந்த மனநிலையில் இருந்தவர், ஒரு குடும்ப நகைச்சுவையை இருந்தது இருந்தபடியே படம் பிடித்திருப்பாரென்று எதிர்பார்ப்பது சரியன்று.

வேல்ஸ் அத்தியாயத்தோடு நின்றவர்கள் இழந்த இன்னொரு விருந்தையும் சொல்லிவிடுகிறேன். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவி ஜான் டன் எழுதிய ஒரு பாட்டு, ஹௌலின் மருமகனுடைய பள்ளிக்கூட வீட்டுப்பாடம். அந்தக் காகிதம் எப்படியோ இடம் மாறி, ஹௌலின் சிஷ்யன் மைக்கேலின் மந்திரப் பயிற்சிக் காகிதங்களோடு கலந்துவிடுகிறது. உலகில் நடக்கவே முடியாத காரியங்களைக் கவி பரிகாசமாக அடுக்கிச் சொல்ல, மைக்கேல் அதனை மந்திரச் செய்முறையென்று எண்ணி, ஏழு காதப் பாதரட்சையை மாட்டிக்கொண்டு சதுப்பு நிலத்தில் நள்ளிரவில் எரிநட்சத்திரத்தைத் துரத்துகிறான். சூனியக்காரியோ அதே பாட்டை ஹௌலின் மேல் ஏவிய சாபமாக்கியிருக்கிறாள். நடக்க முடியாதவை ஒவ்வொன்றாக நடந்து முடியும் நாளில் அவன் அவளிடம் அகப்பட்டாக வேண்டும். காதலில் நம்பிக்கையிழந்த ஒரு கவிஞனின் குறும்பை, ஒரு நாவலின் கதைப்பின்னலாகவும் கடிகாரமாகவும் ஆக்கியிருக்கும் இந்தத் திறனுக்கு ஈடு சொல்லக்கூடிய சிறுவர் நூல்கள் மிகச் சிலவே. படத்தில் மைக்கேல் மார்க்கல் என்ற சின்னஞ்சிறு பையனாகிவிட்டான். பாட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

நாவல் குறையற்றதென்று நான் வாதாடவில்லை. கடைசி அத்தியாயங்களில் முடிச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அவசரமாக அவிழ்கின்றன. யார் யாருடைய உடலின் எந்தப் பகுதி எந்த உருவத்தில் ஒளிந்திருந்தது என்பதை ஒரே மூச்சில் புரிந்துகொள்வது கடினம். காணாமற்போன இளவரசனும் அரண்மனை மந்திரவாதி சுலிமானும் துண்டு துண்டாகப் பொம்மையிலும் நாயிலும் மண்டையோட்டிலும் வெளிப்படும் அந்தக் குழப்பத்தில் நானும் பின்னோக்கிப் பக்கங்களைப் புரட்டியதுண்டு. ஆனால் படத்தின் முடிவு மட்டும் என்ன வாழ்ந்தது? அத்தனை ஊர்களைச் சாம்பலாக்கிய யுத்தம், அங்கே பெண்ணாக வரும் சுலிமான் அம்மாள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு இந்த முட்டாள்தனத்தை முடித்துவிடலாம் என்று நினைத்த மாத்திரத்தில் முடிந்துபோகிறது. இரண்டில் எது பெரிய குறை என்று நீங்களே தீர்மானியுங்கள். சூனியக்காரியின் விஷயத்தில் மட்டும் படத்தின் பக்கமே என் மனம் சாய்கிறது: நாவல் அவளை அழித்துத் தீர்க்கிறது; படம் அவளைச் சக்தியிழந்த பாட்டியாக்கி, அவளால் சபிக்கப்பட்டவளின் கையாலேயே சோறூட்ட வைக்கிறது.

2011-இல் காலமான ஜோன்ஸ், தம் கதை இவ்வளவு மாறிப்போனதற்காக மியாசாகியிடம் மனத்தாங்கல் கொள்ளவில்லை. படத்தை விரும்பிப் பார்த்துப் பாராட்டவே செய்தார். பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சென்றிருந்தபோது, நடமாடும் கோட்டை என்று ஒரு புத்தகம் எழுதுங்கள் என ஒரு சிறுவன் கேட்டதிலிருந்து பிறந்ததாம் அந்த நாவல். நூலின் முகப்பில் அச்சிறுவனுக்கு நன்றியும் சொல்லியிருக்கிறார். ஒரு பையனின் வேண்டுகோளிலிருந்து தாம் ஒரு கோட்டையைக் கட்டியவர், தம் கோட்டையிலிருந்து இன்னொருவர் வேறொன்றைக் கட்டுவதைப் பொறுக்க முடியாதவராக இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஆகவே நண்பர்களே, அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை மறுபடியும் எடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஸோஃபி தொப்பிகளிடம் பேசும் ஒவ்வொரு வார்த்தையையும் நிதானமாக வாசியுங்கள். பெண் மனம் கவர்வதும், கவர்ந்ததும் கைவிடுவதும், கடமை வந்தால் நழுவுவதும், குளியலறையில் இரண்டு மணி நேரம் அலங்காரம் செய்துகொள்வதுமாக இருக்கும் ஹௌலை, திரையில் கண்ட அழகனோடு ஒப்பிடாமல், இப்போதுதான் அறிமுகமான ஒரு மனிதனாக ஏற்றுக்கொள்ளுங்கள். பதினோராம் அத்தியாயத்தில் கறுப்புக் கதவு திறந்து வேல்ஸின் மழைச்சாரல் முகத்தில் அடிக்கும்போது புன்னகை வந்துவிட்டதானால் மீதிப் பத்து அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவீர்கள். வராவிட்டால், இரண்டாம் முறையும் மூடி, அந்தப் பிரதியைப் படமே பார்த்திராத பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எவருக்கேனும் கொடுத்துவிடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் சக வாசகன்